பயணத்தில் கைத்துப்பாக்கிக்கு என்ன பை? அமெரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டெக்சஸில் டாலஸுக்கு வடக்கே குடியிருக்கிறேன். கைத்துப்பாக்கி உரிமம் எடுத்துப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நீண்ட கார்ப் பயணம் கிளம்பும் நண்பர்கள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பார்த்தால் தெரியாத மாதிரி ஒரு பை சொல்லுங்களேன்." தெரியாத மாதிரி இருப்பது எளிது, அதற்கு ஐம்பது டாலர் பை போதும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நம் குடும்பங்களில் பை என்பது பொதுச் சொத்து. அம்மா முறுக்குப் பொட்டலத்தை அதில் திணிப்பார், குழந்தை டிஷ்யூ தேடும், "கொஞ்சம் பிடிங்க" என்று கைமாறும். இந்தப் பழக்கத்தோடு துப்பாக்கி சேரவே கூடாது. கீழே உள்ளவை எல்லாம் அமெரிக்கச் சட்டத்தையும் சூழலையும் வைத்து எழுதியவை.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். எங்கள் மாநிலத்தில் உரிமமே தேவையில்லை என்கிறார்கள். பை வாங்கலாமா?

வாங்க வேண்டாம். உரிமம் இல்லாமலே மறைத்து எடுத்துச் செல்ல அனுமதிக்கும் மாநிலங்கள் 2024இல் 29 ஆகிவிட்டன. டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல் இப்படித்தான். ஆனால் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவருக்குத்தான் இந்தச் சலுகை. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை ஃபெடரல் சட்டமே தடை செய்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. வேறு சில விலக்குகளும் இருக்கின்றன. ஆனால் குடியேற்ற நிலையே ஆபத்தில் இருக்கும்போது நண்பர் சொன்னதை நம்பி இறங்காதீர்கள், வழக்கறிஞரிடம் கேளுங்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை.

கிரீன் கார்டு, குடியுரிமை உள்ளவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கஞ்சா உங்கள் மாநிலத்தில் சட்டபூர்வமாக இருக்கலாம். ஃபெடரல் சட்டத்தில் கஞ்சா பயன்படுத்துபவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் இந்தக் கேள்வி நேரடியாகவே வருகிறது.

எனக்குக் குடியுரிமை இருக்கிறது. ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்திருக்கிறார்கள். அவர்களோடு காரில் போகும்போது பை பக்கத்தில் இருந்தால் பிரச்சினையா?

இந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. கேட்டவருக்கு நன்றி. பெற்றோர் வந்திருப்பது பி-2 விசாவில். மேலே சொன்ன தடை அவர்களுக்கும் பொருந்தும். உணவகத்தில் கை கழுவப் போகும்போது "அம்மா, இந்தப் பையைப் பார்த்துக்கோ" என்று கொடுத்துவிட்டுப் போவது நமக்கு மூச்சு விடுவது போன்ற பழக்கம். அந்தப் பைக்குள் துப்பாக்கி இருந்தால், வைத்திருக்கக் கூடாத ஒருவர் கையில் ஆயுதத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். துணைவர் விசாவில் இருந்தாலும் இதே நிலைதான்.

பெற்றோர் வந்திருக்கும் மாதங்களில் நான் பையைத் தொடுவதில்லை. வீட்டுப் பெட்டகத்தில் துப்பாக்கி பூட்டியே இருக்கும், சாவி அவர்கள் கைக்கு எட்டாது.

இடுப்பில் உறை போட்டு அணிவது நல்லதா, பையில் வைப்பது நல்லதா?

இடுப்பில் அணிய முடிந்தால் இடுப்புதான். உடம்பில் இருக்கும் துப்பாக்கியை உணவகத்து நாற்காலியில் மறந்துவிட்டு வர முடியாது. பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவன் துப்பாக்கியையும் சேர்த்தே கொண்டுபோகிறான். இடுப்பில் இருப்பதை அப்படிப் பறிப்பது கடினம். அவசரத்தில் எடுக்கும் வேகமும் பையில் குறைவு. ஜிப்பைத் திறக்க ஒரு கை, எடுக்க ஒரு கை என்று இரண்டு கையும் வேண்டும். குழந்தை ஒரு கையில் இருந்தால் முடிந்தது கதை.

அப்படியானால் பை எதற்கு? சிலருக்கு வேறு வழியில்லை. முதுகுவலியால் பெல்ட் இறுக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள், புடவையிலோ சல்வாரிலோ இருப்பவர்கள் பைக்கு வருகிறார்கள். எட்டு மணி நேரம் கார் ஓட்டும்போது சீட் பெல்ட்டுக்கு அடியில் துப்பாக்கியின் பிடி விலாவில் குத்திக்கொண்டே இருக்கும், அதைத் தாங்காமலும் மாறுகிறார்கள். இந்தக் காரணங்கள் நியாயமானவை. கூச்சத்தால் மட்டும் பை தேடுகிறீர்கள் என்றால், தளர்வான சட்டையும் நல்ல உறையும் வாங்கி ஒரு மாதம் வீட்டுக்குள் அணிந்து பழகிவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் துப்பாக்கி அறை உள்ள ஹேண்ட்பேக் பாதுகாப்பானதா? ஜிப் போட்டால் போதாதா?

போதாது. 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் நகரில் ஒரு வால்மார்ட் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். 29 வயதுத் தாய் ஒருவர், துப்பாக்கிக்கென்றே ஜிப் அறை வைத்துச் செய்த ஹேண்ட்பேக்கைத் தள்ளுவண்டியில் வைத்திருந்தார். பக்கத்தில் அவருடைய இரண்டு வயது மகன் உட்கார்ந்திருந்தான். அவர் ஏதோ ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது குழந்தை ஜிப்பைத் திறந்து துப்பாக்கியை எடுத்துவிட்டது. ஒரே ஒரு குண்டு. தாய் அங்கேயே இறந்துபோனார். உரிமம் பெற்றவர், பயிற்சி பெற்றவர், வாங்கியதும் சரியான வகைப் பை. பை அவர் உடம்பில் இல்லாமல் வண்டியில் இருந்தது, ஜிப்பில் பூட்டு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு வயதுக் குழந்தைக்கு ஜிப் திறக்கத் தெரியும். நம் வீட்டுக் குழந்தைகள் பிஸ்கட் தேடிப் பையைக் குடைவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆறு வயதுக்குக் கீழே குழந்தை கூட வரும் பயணத்தில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பையில் வைக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. இடுப்பில் அணியுங்கள், அல்லது தோட்டாவைக் கழற்றிப் பூட்டிவிடுங்கள். டெக்சஸில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அலட்சியமாக விட்டுவைத்து, அது 17 வயதுக்குக் கீழ் உள்ளவர் கைக்குக் கிடைத்துவிட்டால் அதுவே குற்றம்.

பையின் உள்ளே என்னென்ன இருக்க வேண்டும்? கடையில் எதைத் திறந்து பார்ப்பது?

துப்பாக்கிக்கென்று முழுக்கத் தனி அறை வேண்டும். பேனா, சாவி, லிப்ஸ்டிக், சார்ஜர் ஒயர் எதுவும் அங்கே வரக் கூடாது. கிளாக் போன்ற பல துப்பாக்கிகளில் கட்டைவிரலால் தள்ளும் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. விசையை அழுத்தினால் சுடும். அழுத்துவது விரலா, காரின் சாவியா என்று அதற்குத் தெரியாது. அதனால் அந்த அறைக்குள்ளும் ஓர் உறை தேவை. துணியால் ஆன தொளதொள உறை இதற்கு உதவாது. விசைப் பகுதியை முழுக்க மூடும் கைடெக்ஸ் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறையாக இருக்க வேண்டும். உறையில் விசையை மூடும் இடத்தை வெளியிலிருந்து கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகர்ந்தால் அந்த உறை வேண்டாம்.

பல பைகளில் அறையின் உள்சுவர் முழுக்க வெல்க்ரோ ஒட்டியிருக்கும், உறையின் முதுகிலும் வெல்க்ரோ. ஒட்டிவிட்டுத் துப்பாக்கியை இழுத்தால் உறையும் கூடவே வருகிற பைகளைப் பார்த்திருக்கிறேன். கடையிலேயே உறையை ஒட்டி, பலமாக இழுத்துப் பாருங்கள். நல்ல பையில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்காவது வெல்க்ரோ பிடிப்பு இருக்கும். அதற்கு மேல் ஒரு பட்டையும் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து, திசை. குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது? தோளில் குறுக்காகப் போடும் சில பைகளில் துப்பாக்கி படுக்கை வசத்தில் இருக்கும். நீங்கள் வரிசையில் நிற்கும்போது குழல் பின்னால் நிற்பவரின் வயிற்றைக் குறி பார்த்தபடி இருக்கும். உறை விசையை மூடியிருந்தாலும் எனக்கு இது ஒப்பாது. குழல் தரையைப் பார்க்கும்படி நிற்கும் பையையே எடுங்கள்.

ஜிப்பில் இரண்டு இழுப்பான்கள் இருந்து, இரண்டின் வளையமும் சேர்ந்து ஒரு சிறு பூட்டு போட இடம் தர வேண்டும். இந்தப் பூட்டு திருடனைத் தடுக்காது, கத்தியால் பையையே கிழிக்கலாம். குழந்தைக்கும் ஆவல் உள்ள விருந்தாளிக்கும்தான் இந்தப் பூட்டு.

தோள்பட்டையைக் கடைசியாகப் பாருங்கள். மெல்லிய பட்டையைச் சிறு கத்தியால் ஓர் இழுப்பில் அறுத்துவிடலாம். உள்ளே எஃகுக் கம்பி வைத்துத் தைத்த பட்டைகள் கிடைக்கின்றன, அவற்றையே வாங்குங்கள்.

என் துப்பாக்கிக்கு எந்த அளவுப் பை?

பையின் பெயரில் எழுதியிருக்கும் அளவை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். 2018இல் வந்த சிக் பி365 துப்பாக்கி நீளத்தில் ஆறு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு, தடிமன் சுமார் ஓர் அங்குலம், எடை அரைக் கிலோ. கிளாக் 19 சுமார் ஏழே கால் அங்குலம் நீளம், தடிமனும் எடையும் அதிகம். இரண்டையும் கச்சிதமானவை என்று ஒரே பட்டியலில் போடுவார்கள், பைக்குள் வைத்தால் வித்தியாசம் புரியும். உறையோடு சேர்த்து அளந்து, அறையில் எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் மிச்சம் இருக்கும்படி பாருங்கள். பிடியை முழுக் கையாலும் பிடிக்க இடம் வேண்டும். இரண்டு விரல் மட்டும் நுழைகிற அறை என்றால், துப்பாக்கியைப் பாதிப் பிடியில் இழுத்து வெளியே எடுப்பீர்கள். அப்போதுதான் விரல் தவறான இடத்துக்குப் போகும்.

எடைக்கு ஒரு சோதனை இருக்கிறது. அரைக் கிலோ உப்பு பாக்கெட்டைப் பைக்குள் வைத்து, கண்ணாடி முன் நடந்து பாருங்கள். ஒரு பக்கம் தொங்கி இழுத்தால், பார்ப்பவருக்கும் உள்ளே கனமாக ஏதோ இருப்பது தெரியும்.

வெளியே பார்க்க எப்படி இருக்க வேண்டும்?

சலிப்பூட்டும்படி இருக்க வேண்டும். ராணுவப் பச்சை, வெளியே வரிவரியாகப் பட்டை தைத்த துணி, துப்பாக்கி நிறுவனத்தின் சின்னம், கொடி ஒட்டும் வெல்க்ரோ இதெல்லாம் "உள்ளே ஆயுதம்" என்று எழுதி ஒட்டியது போல. கார் கண்ணாடியை உடைப்பவர்கள் தேடுவது இதைத்தான். சாம்பல் நிறத்தில் லேப்டாப் பை மாதிரி ஒன்று போதும்.

தோளில் குறுக்காகப் போடும் பை, இடுப்புப் பை, ஹேண்ட்பேக், முதுகுப் பை. எது?

என் வரிசை இது: முன்பக்கம் கட்டும் இடுப்புப் பை முதலில், அப்புறம் மார்பில் குறுக்காகப் போடும் சிறு பை, அதற்கும் பின்னால் ஹேண்ட்பேக். முதுகுப் பை வேண்டவே வேண்டாம். முதுகுக்குப் பின்னால் நடப்பது உங்களுக்குத் தெரியாது, எடுப்பதற்கும் பையைக் கழற்றியாக வேண்டும். விமான நிலையத்தில் துப்பாக்கியோடு மாட்டிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் முதுகுப் பையிலும் ஹேண்ட்பேக்கிலும் வைத்து மறந்தவர்கள்தான் என்பது என் ஊகம்.

இடுப்புப் பை பழைய பாணி என்று இளைஞர்கள் சொல்வார்கள். ஆனால் அதைக் கழற்றி நாற்காலியில் மாட்டத் தோன்றாது. உட்கார்ந்தாலும் நடந்தாலும் உடம்போடு இருக்கும். பாதுகாப்பில் பெல்ட் உறைக்கு அடுத்தபடி நிற்பது இதுதான்.

ஹேண்ட்பேக்தான் என்றால் தோளிலிருந்து தொங்கவிடாமல் குறுக்காகப் போடுங்கள். தள்ளுவண்டியில் வைக்காதீர்கள். கழிப்பறைக் கதவுக் கொக்கியில் மாட்டினால் மறந்துவிட்டு வரும் வாய்ப்பு அதிகம். மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு செலவாகும்?

80 முதல் 200 டாலருக்குள் நல்ல பை கிடைக்கும். உறைக்குத் தனியாக 50 முதல் 80 டாலர் எடுத்து வையுங்கள். வெர்டெக்ஸ், 5.11 போன்றவை இந்த வேலைக்கென்றே பை செய்கின்றன. தையலும் ஜிப்பும் உறுதியாக இருந்தால் பெயர் முக்கியமில்லை. ஆனால் முப்பது டாலர் பையில் ஜிப்தான் முதலில் போகும்.

டெக்சஸிலிருந்து நியூ ஜெர்சிக்குக் காரில் போகிறோம். என் உரிமம் வழியெல்லாம் செல்லுமா?

செல்லாது. அமெரிக்காவில் ஓட்டுநர் உரிமம் எல்லா மாநிலத்திலும் செல்லும். துப்பாக்கி உரிமம் அப்படி இல்லை. ஒவ்வொரு மாநிலமும் யார் உரிமத்தை ஏற்பது என்று தானே முடிவு செய்கிறது. நியூ ஜெர்சி, நியூயார்க், கலிபோர்னியா டெக்சஸ் உரிமத்தை ஏற்பதில்லை.

2013 அக்டோபரில் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு தாய் நியூ ஜெர்சியில் சாதாரணப் போக்குவரத்து விதிமீறலுக்காக நிறுத்தப்பட்டார். "காரில் துப்பாக்கி இருக்கிறது, பென்சில்வேனியா உரிமமும் இருக்கிறது" என்று நேர்மையாகத் தானே சொன்னார். கைது. ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார், பல ஆண்டு கட்டாயச் சிறைத் தண்டனை அவர் தலைக்கு மேல் தொங்கியது. கடைசியில் 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். அவர் செய்த ஒரே தவறு, மாநில எல்லைப் பாலத்தைத் தாண்டினாலும் தன் உரிமம் செல்லும் என்று நம்பியதுதான்.

1986இல் வந்த ஒரு ஃபெடரல் சட்டம் வழிப் பயணிகளுக்குப் பாதுகாப்புத் தருகிறது. கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும். தோட்டா கழற்றியிருக்க வேண்டும். துப்பாக்கியும் தோட்டாவும் காருக்குள் உட்கார்ந்திருக்கும் யாருடைய கைக்கும் எட்டக் கூடாது. டிக்கியில் வைக்கலாம். எஸ்யூவி, மினிவேன் போல டிக்கி தனியாக இல்லாத வண்டியில் பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். டேஷ்போர்டு பெட்டியும் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே உள்ள பெட்டியும் இதில் சேராது. பூட்டிய பெட்டி என்று சட்டம் சொல்லும்போது ஜிப் பையை நம்பி வாதாட நான் தயாரில்லை. இரும்புச் சிறு பெட்டி ஒன்று வாங்கிப் பைக்குள் வையுங்கள்.

கேள்வியைத் திரும்பப் படியுங்கள். நீங்கள் போய்ச் சேருவதே நியூ ஜெர்சி. அங்கே எடுத்துச் செல்ல உரிமை இல்லாதவருக்கு மேலே சொன்ன பாதுகாப்பு கிடைக்காது. அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போகிறீர்கள், துப்பாக்கியை டாலஸிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

மேகசினுக்கும், அதாவது துப்பாக்கிக்குள் தோட்டா அடுக்கும் கூட்டுக்கும், மாநில வரம்பு உண்டு. நியூயார்க், நியூ ஜெர்சி, கலிபோர்னியாவில் 10 தோட்டா, கொலராடோவில் 15. முனை குழிந்த தோட்டாக்களுக்கும் நியூ ஜெர்சியில் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. உரிமம் செல்லும் மாநிலத்திலும் கூடப் பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் ஃபெடரல் தடை இருக்கிறது. உரிமம் பெற்றவருக்கு விலக்கு உண்டு, ஆனால் அந்த மாநிலமே கொடுத்த உரிமமாக இருக்க வேண்டும். தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரி முதல் மாநிலச் சட்டம் பொருந்துகிறது. ஆனாலும் பார்வையாளர் மையம் ஃபெடரல் கட்டடம், அதற்குள் பையோடு நுழையக் கூடாது. கிராண்ட் கேன்யன் போகிற குடும்பங்கள் தடுமாறுவது இங்கேதான்.

வழியில் போலீஸ் நிறுத்தினால்?

இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வையுங்கள். வண்டிக் காகிதங்களைத் துப்பாக்கிப் பையில் வைக்கவே வைக்காதீர்கள், அதை எடுக்கக் கை பைக்குள் போவதை அதிகாரி பார்க்கக் கூடாது. மிச்சிகன், வட கரோலினா போன்ற மாநிலங்களில் கேட்காமலே சொல்லியாக வேண்டும். சட்டம் கேட்காத மாநிலத்திலும், உரிமம் அங்கே செல்லும் என்றால், நான் சொல்லிவிடுவேன்.

விமானத்தில் அந்தப் பையையே கைப்பையாகக் கொண்டுபோகலாமா?

துப்பாக்கியோடு ஒருபோதும் கூடாது. காலியாக இருந்தாலும் வேறு பை எடுத்துப் போங்கள்.

2023இல் அமெரிக்க விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. பத்தில் ஒன்பதுக்கு மேல் தோட்டா நிரப்பியவை. மாட்டிக்கொண்டவர்கள் கடத்தல்காரர்கள் இல்லை. "பையில் இருந்ததே மறந்துபோச்சு" என்பதுதான் வழக்கமான பதில். அபராதம் 14,000 டாலரைத் தாண்டலாம், கைதும் நடக்கலாம், பிரீசெக் என்ற விரைவுச் சோதனை வசதி ஐந்தாண்டு வரை பறிபோகலாம். 2021 நவம்பர் 20 அன்று அட்லாண்டாவில் ஒரு பயணியின் பையைச் சோதனைக்குத் திறந்தபோது, தொட வேண்டாம் என்று சொல்லியும் அவர் பாய்ந்து உள்ளே கைவிட்டார். துப்பாக்கி வெடித்தது. நிலையம் முழுக்க ஜனங்கள் சிதறி ஓடினார்கள். விமானங்கள் கொஞ்ச நேரம் நிறுத்தப்பட்டன.

சட்டப்படி எடுத்துப்போகும் முறை சிக்கலானது இல்லை. தோட்டா கழற்றிய துப்பாக்கியைக் கெட்டியான பூட்டிய பெட்டியில் வைத்து, செக்-இன் சாமான்களோடு மட்டும் அனுப்ப வேண்டும். கவுன்டரில் "ஒரு துப்பாக்கியை அறிவிக்க வேண்டும்" என்று அமைதியாகச் சொன்னால் போதும். அவர்கள் தரும் அட்டையில் கையெழுத்திட்டு உள்ளே வைக்கச் சொல்வார்கள். சாவி உங்களிடமே இருக்க வேண்டும். தோட்டாக்களை அதற்கென்றே செய்த பெட்டியில் அடுக்க வேண்டும், பல விமான நிறுவனங்கள் 11 பவுண்டு வரை ஏற்கின்றன. பெட்டியை மூடிப் பூட்டியபின் ஒரு மூலையை விரலால் நெம்பிப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் அந்தப் பெட்டி செல்லாது. துப்பாக்கியோடு வரும் பிளாஸ்டிக் பெட்டிகளில் பல இந்தச் சோதனையில் தோற்கும். உள்ளே ஆயுதம் என்று காட்டும் சீட்டைச் சாமானின் வெளியே ஒட்டச் சொல்லி நிறுவனம் கேட்கக் கூடாது, ஃபெடரல் சட்டமே தடுக்கிறது. யாராவது ஒட்ட வந்தால் பணிவாக மறுத்து மேலதிகாரியைக் கேளுங்கள்.

இணைப்பு விமானம் ரத்தாகி நியூ ஜெர்சியின் நியூவார்க் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால்?

இது 2005இல் அப்படியே நடந்தது. யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்குப் போன ஒரு பயணி, எல்லாவற்றையும் முறைப்படி அறிவித்தவர், நியூவார்க்கில் இணைப்பைத் தவறவிட்டார். சாமானைக் கையில் வாங்கிக்கொண்டு ஓட்டலில் ஓர் இரவு தங்கினார். மறுநாள் காலை விமான நிலையத்தில் மறுபடி நேர்மையாக அறிவித்தபோது கைது செய்தார்கள். குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் அவர் தொடுத்த வழக்கில் 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத்தான் தீர்ப்பளித்தது. ஓட்டலில் துப்பாக்கி கைக்கு எட்டியது, எனவே பயணப் பாதுகாப்பு பொருந்தாது என்றது.

ஆகவே அங்கே மாட்டிக்கொண்டால் சாமானைக் கையில் வாங்காதீர்கள். விமான நிறுவனமே வைத்திருக்கட்டும். வாங்கியே தீர வேண்டும் என்றால் வாங்குவதற்கு முன் விமான நிலைய அதிகாரிகளிடம் பேசுங்கள். அதைவிட நல்லது, டிக்கெட் போடும்போதே நியூயார்க், நியூ ஜெர்சி வழி இணைப்பைத் தவிர்ப்பது. நான் எப்போதும் நேரடி விமானம்தான் பார்ப்பேன்.

ரயில், பஸ், சொகுசுக் கப்பல்?

ஆம்ட்ராக் ரயிலில் சாமான் பதிவு செய்யும் வசதி உள்ள நிலையங்களுக்கு இடையே மட்டும், 24 மணி நேரம் முன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டு, கெட்டியான பூட்டிய பெட்டியில் அனுப்பலாம். கூட வைத்துக்கொள்ள முடியாது. கிரேஹவுண்ட் பஸ்ஸில் அனுமதியே இல்லை. சொகுசுக் கப்பலுக்குத் துப்பாக்கியோடு கிளம்பவே வேண்டாம்.

நண்பர் வீட்டில் தங்கும்போது பையை எங்கே வைப்பது?

ஒரு பொங்கல் சமயம். பதினைந்து குடும்பம் கூடிய வீடு. வாசலில் செருப்புக் குவியல், உள்ளே படுக்கையறைக் கட்டிலில் கோட்டும் பையுமாக ஒரு மலை. வந்தவர்களின் பையை வாங்கி வாங்கி அந்த வீட்டுப் பெண்மணி அதில் போட்டுக்கொண்டிருந்தார். என் தோளிலிருந்த பைக்கும் அன்போடு கை நீட்டினார். பழக்க தோஷம், கழற்றிக் கொடுத்துவிட்டேன். இலை முன்னால் உட்கார்ந்து சாம்பார் ஊற்றும்போதுதான் உறைத்தது. அறைக்கு ஓடினேன். நான்கு வயதுப் பையன் ஒருவன் கட்டிலில் ஏறிப் பைகளுக்கு நடுவே உட்கார்ந்து, யாருடைய பையிலிருந்தோ எடுத்த சாக்லேட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். என் பை அவன் முழங்காலுக்கு அடியில் கிடந்தது. ஜிப் மூடியிருந்தது. அதில் பூட்டு இல்லை.

அன்றோடு விருந்துக்குப் பையில் எடுத்துப் போவதை நிறுத்திவிட்டேன். தங்கப் போகும் வீடு என்றால் போவதற்கு முன்பே நண்பரிடம் போனில் சொல்வேன். அவருக்கு வேண்டாம் என்றால் துப்பாக்கி வராது. சரி என்றால் எஃகு வடத்தோடு கூடிய சிறு பூட்டுப் பெட்டி கூடவே வரும், வடத்தைக் கட்டில் காலில் சுற்றிப் பூட்டுவேன். ஓட்டல் அறையிலும் இதையே செய்கிறேன். ஓட்டல் அலமாரிப் பெட்டகத்தை ஊழியர்கள் திறக்க முடியும், அதனால் அதில் வைப்பதில்லை. இரவு முழுக்கக் காரில் விடுவதும் கிடையாது.

மிச்சிகனிலிருந்து டொரன்டோ போகிறோம், ஸ்கார்பரோவில் சித்தி வீடு. எல்லையில் அறிவித்தால் போதுமா?

போதாது. கனடா 2022 அக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கி வாங்குவதையும் விற்பதையும் நாட்டுக்குள் கொண்டுவருவதையும் முடக்கிவிட்டது. வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு, கார் முழுக்க ஒரு தடவை தேடிவிட்டுக் கிளம்புங்கள். மெக்சிகோ எல்லையிலும் அப்படியே, அங்கே ஒரு தோட்டாவுக்கே சிறை உண்டு.

பையை எப்படிப் பழகுவது?

தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கி காலி என்று இரண்டு முறை கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, சுவருக்கு நேராக நின்று பயிலுங்கள். ஜிப்பை முழுக்கத் திறப்பது, பையை உடம்போடு அழுத்துவது, பிடியைப் பிடிப்பது, விரலை விசைக்கு வெளியே நீட்டி வைத்து எடுப்பது என்ற வரிசையில், மெதுவாக. திரும்ப உறைக்குள் வைக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். முடிந்தால் முதலில் உறையைப் பையிலிருந்து எடுத்து, அதில் துப்பாக்கியைப் பொருத்தி, அப்புறம் உறையோடு பைக்குள் ஒட்டுங்கள். ஜிப் துணி மடிந்து விசைக்குள் மாட்டுவதை இது தவிர்க்கும்.

வருடத்தில் ஒரு தடவை சென்னை போகும்போது அந்தப் பையைக் காலி செய்து எடுத்துப் போகலாமா?

வேண்டவே வேண்டாம். காலி செய்துவிட்டோம் என்று நினைப்போம், மடிப்புக்குள் ஒரே ஒரு 9 எம்எம் தோட்டா உருண்டு கிடக்கும். இந்திய விமான நிலையச் சோதனையில் அது தெரிந்தால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்கு. தெரியாமல் பையில் இருந்த ஒற்றைத் தோட்டா என்றால், அறிந்து வைத்திருந்ததாகச் சொல்ல முடியாது என்று நீதிமன்றங்கள் பல வழக்குகளைப் பின்னர் ரத்து செய்திருக்கின்றன. அதற்குள் விமானம் போயிருக்கும், கடவுச்சீட்டு முடங்கியிருக்கும், தங்கை கல்யாணமும் முடிந்திருக்கும்.

எங்கள் வீட்டில் துப்பாக்கிப் பையின் கைப்பிடியில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். அந்தப் பையில் யாரும் எதையும் வைப்பதில்லை, யாரும் அதிலிருந்து எதையும் எடுப்பதில்லை. ஊருக்கு வரும் பெட்டிகளை அடுக்கும்போது அது பெட்டகத்துக்குள்தான் இருக்கும்.